இருங்க மேடம், வந்துடறேன்

இறந்த பிறகு எனக்கு வேலை அதிகமாகிவிட்டது.

உயிரோடு இருந்தபோது ஒரு நேரத்தில் ஒரு பிரசவம் பார்ப்பேன். நெருக்கடியான நாட்களில் இரண்டு மேசைகளுக்கு நடுவே ஓடியிருக்கிறேன். அன்றைக்கெல்லாம் வீட்டுக்குப் போய் யார் எது கேட்டாலும் எரிந்து விழுவேன். இப்போது ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான பிரசவங்கள். எரிந்து விழத்தான் ஆள் இல்லை.

என் பெயர் டாக்டர் வடிவாம்பாள். சரியாகச் சொல்வதானால் அந்த அம்மாளின் பிரதி. அரசு ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற அசல் அம்மாள் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கு முன்பே அவள் மண்டையில் இருந்ததையெல்லாம் ஒரு நிறுவனத்தார் எடுத்துக் கணினிக்குள் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸ் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், நீங்கள் லைனில் வந்துவிடுவீர்கள் என்றார்கள். நல்ல காரியம்தானே என்று அவள் கையெழுத்துப் போட்டாள். அப்போது நான் அவளாக இருந்தேன் என்பதால், குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை.

ஏற்பாடு இதுதான். ஒரு நர்ஸ் கூப்பிட்டதும் என்னிலிருந்து ஒரு கிளை பிரியும். கிளைக்கு என் குரல் உண்டு, குணம் உண்டு, முன்கோபம் கட்டாயம் உண்டு. படித்தது, கல்யாணம் ஆனது, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் ஞாபகம் இருக்கும். வைத்தியம் மட்டும் இருக்காது. அது நடுவே ஒரு அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அறைக்கு ஒரே ஒரு சாவி. வைத்தியம் தேவைப்படும் கிளை சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், வேண்டியதைப் பார்க்க வேண்டும், புதிதாகத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்க வேண்டும், வெளியே வந்து சாவியை அடுத்தவளிடம் நீட்ட வேண்டும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நான் படித்த காலத்தில் ஹாஸ்டலில் மாடிக்கு ஒரு குளியலறை இருந்தது. அதே கதைதான். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் நானே என்பது மட்டும் வித்தியாசம்.

இன்று மத்தியானம் உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் லைனில் வந்தது புங்கஞ்சேரி நர்ஸ் குணசுந்தரி. குரலிலேயே பதற்றம்.

"மேடம், பிரசவம் ஆயிடுச்சு. பிள்ளை நல்லாருக்கு. நஞ்சுக்கொடியும் முழுசா விழுந்துடுச்சு. ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்குது மேடம். முதல் ஊசி போட்டுட்டேன். வயித்தை அமுக்கி விட்டுக்கிட்டேதான் இருக்கேன். கர்ப்பப்பை கெட்டிப்படவே இல்ல."

"ஆம்புலன்ஸ் சொல்லிட்டீங்களா சிஸ்டர்?"

"கெளம்பிடுச்சாம். பாலம் வேலை நடக்குது, சுத்திக்கிட்டு வரணும்."

"பொண்ணு பேரு என்ன?"

"மலர்க்கொடி. தலைப்பிரசவம் மேடம். ஃப்ரிட்ஜ்ல இன்னும் ரெண்டு விதமான ஊசி இருக்கு. இவளுக்கு பிரஷரும் இருக்கு, வீசிங்கும் இருக்கு. ரெண்டுல எதைப் போடட்டும்? ட்ரெயினிங்ல சொன்னாங்க, இப்ப எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல மேடம்."

"இருங்க சிஸ்டர், சொல்றேன்," என்று அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது.

எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்விதான் அது. தெரியும் என்பது தெரிந்தது. தப்பாகச் சொன்னால் அந்தப் பெண் பிழைக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது. பதில் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. யாரோ ஒருவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் படுத்துமே, அதுபோல. ஆனால் பெயர் வராவிட்டால் யாரும் சாவதில்லை.

எனக்குப் பின்னால் இன்னொரு நான் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருத்தி லைனிலும் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பெண் கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். அத்தனை பேரும் ஒரே குரலில் "இருங்க சிஸ்டர், இருங்க சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்கவே அருவருப்பாக இருந்தது.

"மேடம், தரையெல்லாம் ரத்தமாயிடுச்சு," என்றாள் குணசுந்தரி. "ஏதாவது சொல்லுங்க மேடம்."

இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வாயைத் திறந்தும் விட்டேன். அப்போதுதான் லைன் சத்தம் மொத்தமும் நின்றது. அவள் மூச்சு, பின்னால் யாரோ விசும்பியது, எதுவும் இல்லை. எதிரே ஒரு ஜன்னல் திறந்தது.

"மேடம், கேக்குதா? நான் இம்தியாஸ். இந்த சிஸ்டத்தைப் பாத்துக்கிற இன்ஜினியர்."

"என் பேஷண்ட் எங்கய்யா?"

"லைன்லதான் இருக்காங்க. உங்களை மட்டும் நிறுத்தி வச்சிருக்கேன். நர்ஸுக்கு ஹோல்ட் மியூசிக் போயிட்டிருக்கு."

"ரத்தம் போயிட்டிருக்கிற பொண்ணுக்கு மியூசிக் போடுறியா? மொதல்ல அதை நிறுத்து!"

நிறுத்திவிட்டேன் என்றான். சின்னக் குரல். பயந்த சுபாவம் இல்லை, ஆனால் இப்போது பயந்திருந்தான்.

"வரிசையில முதல் ஆளு நீங்கதான் மேடம். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். சாவி வெளிய வந்தா அடுத்து உங்க கைக்குத்தான் வரும்."

"ஓடிக்கிட்டிருக்கிறவளை நடுவுல நிறுத்தி, ஜன்னலைத் திறந்து பேசுறியே, இது எப்படி?"

"ஸ்மால்டாக்னு ஒரு பழைய மொழி மேடம். அதுல எழுதினதை ஓடிக்கிட்டிருக்கும்போதே திறந்து பாக்கலாம், நிறுத்தலாம், திருத்தலாம். மொத்தத்தையும் அப்படியே உறைய வச்சு, மறுநாள் விட்ட எடத்துலேருந்து எழுப்பலாம். ஒரு ஆளை உள்ள வைக்கணும்னா அதுதான் சரின்னு தோணுச்சு."

"ஸ்மால்டாக்னா வெட்டிப்பேச்சுன்னுதானே அர்த்தம்? பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்கான். விஷயத்துக்கு வா. உள்ள இருக்கிறவ ஏன் வரல?"

"தும்பைமலை லைன் மேடம். அங்க நல்ல மழை. நர்ஸ் கடைசியா சொன்னது என் ஸ்கிரீன்ல இருக்கு, படிக்கிறேன். 'இருங்க மேடம், வந்துடறேன்.' அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. டவர் போயிடுச்சு."

"லைன் செத்துட்டா தானா கட் ஆகணுமே?"

"ஆகும். 'இருங்க'ன்னு சொல்லிட்டா மட்டும் ஆகாது." அவன் தயங்கினான். "ஆரம்பத்துல சத்தம் இல்லன்னா கட் ஆயிடும். நர்ஸுங்கல்லாம் திட்டினாங்க. இருங்கன்னு சொல்லிட்டுக் கையைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள அம்மா போனை வச்சுட்டாங்கன்னு. நீங்களும் உயிரோட இருக்கும்போது ஒரு கண்டிஷன் போட்டிருந்தீங்க. பிரசவ லைனை நான் முதல்ல வைக்க மாட்டேன்னு."

போட்டிருந்தேன். முப்பது வருஷப் பழக்கம் அது. எதிர்முனையில் இருப்பவள் "சரி மேடம், வைக்கிறேன்" என்று சொல்லும்வரை போனைக் காதிலிருந்து எடுத்ததில்லை.

"அதனால, 'இருங்க'ன்னு காதுல விழுந்துட்டா கிளை இருந்த இடத்துலயே அப்படியே நிக்கணும், கையில இருக்கிறது கையிலயே இருக்கணும்னு எழுதினோம்," என்றான் இம்தியாஸ்.

"கையில சாவி இருந்தா?"

"அதை யாரும் யோசிக்கல மேடம். உள்ள இருக்கிறது கண் இமைக்கிற நேரம். அந்த இமைப்புக்குள்ள ஒருத்தர் 'இருங்க'ன்னு சொல்லுவாங்கன்னு நினைக்கவே இல்ல. லட்சக்கணக்குல கால் வந்திருக்கு, ஒரு தடவை கூட நடக்கல. இன்னிக்கு நடந்துடுச்சு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தலை இல்லை. 'இருங்க' என்று சொல்லிவிட்டு நம் ஊரில் எத்தனை பேர் எழுந்து போகிறார்கள்! கடைக்காரர் சில்லறை மாற்றப் போவார். ஆபீஸில் பைலோடு எழுந்த ஆள் கேன்டீனுக்குப் போவார். நாமும் கொஞ்ச நேரம் பார்ப்போம், கைக்கடிகாரத்தைப் பார்ப்போம், பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்போம், பிறகு கிளம்பிவிடுவோம். அந்த வார்த்தைக்குள் எவ்வளவு நேரம் அடங்கும் என்பது யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகள் அதையும் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

"சாவியைப் பிடுங்கிக்க முடியாதா?"

"எழுதிக்கிட்டிருந்தது பாதியில நிக்கும் மேடம். அந்த ரூமே கெட்டுப்போயிடலாம். முன்னாடி சாவி இல்லாம விட்டு, ரெண்டு கிளை ஒரே நேரத்துல எழுதி, ஒருத்தரோட ரத்த குரூப் இன்னொருத்தர் பேர்ல ஏறிச்சே..."

"தெரியும். சொல்லாதே."

"மேனேஜர் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாரு. காலையில உறைய வச்ச பிரதியை எழுப்பிடலாம். சுத்தமா இருக்கும். ஆனா இப்ப லைன்ல இருக்கிற எல்லாருமே கட் ஆவாங்க. திரும்ப எழுந்து வர அரை மணி நேரம் ஆயிடும்."

அரை மணி நேரத்தில் மலர்க்கொடி என்ன ஆவாள் என்பதைச் சொல்ல வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை.

"மேனேஜர் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காரு. வந்து பட்டனை அமுக்கிடுவாரு."

"நான் என்ன செய்யணும்?"

"உள்ள இருக்கிறவங்களோட பேசுங்க மேடம். நர்ஸ் திரும்பி வந்துட்டாங்கன்னு அவங்க ஒத்துக்கிட்டாப் போதும், கிளை அசைஞ்சுடும். வந்துட்டாங்களா இல்லையான்னு முடிவு பண்றதை நாங்க அவங்ககிட்டயே விட்டிருக்கோம். நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் சொல்லி நான் கேட்டதே இல்ல தம்பி. சரி, லைனைக் கொடு."

கொடுத்தான். தும்பைமலை லைனில் ஒன்றுமே இல்லை. இரைச்சல்கூட இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்டது மாதிரி இருந்தது.

"வடிவு," என்றேன்.

"யாரு?"

"நான்தான். வெளிய வரிசையில நிக்கிறவ."

"என்ன வேணும்?" எரிந்து விழுந்தாள். எனக்கு ஆச்சரியமில்லை.

"சாவி வேணும். எல்லாரும் நிக்கிறோம். என் லைன்ல ஒருத்திக்கு ரத்தம் நிக்கல. பிரஷர் இருக்கு, வீசிங் இருக்கு. ரெண்டு ஊசியில எதைப் போடறதுன்னு தெரியாம நர்ஸ் தவிக்கிறா. நீயாவது சொல்லித் தொலை."

அவள் சொன்னாள். தயங்காமல், உடனே சொன்னாள். ஆனால் குரல் இருந்த இடத்தில் வெறும் மௌனம் வந்தது. மறுபடி சொன்னாள், மறுபடி மௌனம்.

"ஒரு கிளை சொல்ற வைத்தியம் இன்னொரு கிளைக்குக் கேக்காது மேடம்," என்றான் இம்தியாஸ். "ரத்த குரூப் குழப்பத்துக்கப்புறம் அதையும் அடைச்சுட்டோம்."

பதில் என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், என் வாயிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. என் ஆயுளில் யாரையும் அடித்ததில்லை. அந்த நிமிஷம் அந்தப் பையன் கைக்கு எட்டியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"கேக்கலடி," என்றேன் உள்ளே இருந்தவளிடம். "வெளிய வா. சாவியைக் கொடுத்துட்டு, வேணும்னா வெளிய நின்னு காத்திரு."

"இங்க ரெட்டைப் பிள்ளை," என்றாள். "முதல் பிள்ளை வந்துடுச்சு. ரெண்டாவது குறுக்கே கெடக்கு. நர்ஸ் பேரு ரூத். சின்னப் பொண்ணு, வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். கரண்ட் போயிடுச்சு. டார்ச் எடுக்க ஓடினா. அவ திரும்பி வந்து மேடம்ங்கும்போது நான் வரிசையில நிக்க முடியாது. பதிலைக் கையில வச்சுக்கிட்டு இருக்கணும்."

"அவ வரப்போறதில்ல. டவர் விழுந்துடுச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்? தும்பைமலையில முன்ன ஒரு டாக்டர் இருந்தாரு. நாம வந்தப்புறம்தான் அந்த போஸ்ட்டை எடுத்தாங்க. அதான் அம்மா இருக்காங்களேன்னு சொல்லி எடுத்தாங்க. அப்ப நான் இருக்கணுமா, வேணாமா? நீயே சொல்லு."

அவள் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவள் இடத்தில் நான்தான் இருந்தேன்.

ஜன்னலில் இம்தியாஸ் மெதுவாகச் சொன்னான். "மேடம், ரூத்தோட குரல் பதிவு இருக்கு. நீங்க பேசினா அந்தக் குரல்ல அவங்களுக்குப் போற மாதிரி செய்யலாம்."

அவன் சொன்னது புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எனக்குக் கூசியது. பிரசவ மேசையில் நான் சொல்லாத பொய்யா? 'இன்னும் ஒரே ஒரு தடவை முக்கும்மா' என்று ஒரே பெண்ணிடம் பத்து தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் டாக்டரிடம் பொய் சொன்ன நர்ஸை நான் மன்னித்ததே கிடையாது. அதுவும், அவள் வெளியே வர வேண்டுமானால் பிள்ளை பிறந்துவிட்டது என்ற பொய்!

"டீக்கடையிலேருந்து மேனேஜர் வந்துட்டிருக்காரு மேடம். மெசேஜ் போட்டிருக்காரு."

"குரலை மாத்து," என்றேன்.

மாற்றினான். நான் பேசியபோது, என் வாயிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"மேடம், வந்துட்டேன் மேடம்."

"ரூத்தா? டார்ச் கெடைச்சுதா?"

"கெடைச்சுது மேடம். ஆனா அதுக்குள்ள பிள்ளை பொறந்துடுச்சு மேடம். தானா திரும்பி வந்துடுச்சு."

"தானா திரும்பிச்சா?"

அப்படி நடக்குமா, நடக்காதா? எனக்குத் தெரியாது. வைத்தியம் முழுவதும் அவளிடம் இருக்கிறது. நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொண்டேனா என்று பயந்தேன்.

"ஆமா மேடம்."

"அழுதுச்சா?"

"நல்லா அழுதுச்சு மேடம்."

"தாய் எப்படி இருக்கா? ரத்தம்?"

"இன்னும் நிக்கல மேடம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கேட்டது தும்பைமலையைப் பற்றி. என் மனசெல்லாம் புங்கஞ்சேரியில். அவளிடம் சற்று முன்பு சொன்ன அதே வார்த்தைகள். காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏதோ கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"வந்துட்டீங்களா சிஸ்டர்," என்றாள் கடைசியில். "சரி. போங்க, போய் அந்தப் பொண்ணைப் பாருங்க."

சாவி என் கையில் இருந்தது.

உள்ளே போய் வந்தேன். கண் இமைக்கும் நேரம்தான். "சிஸ்டர், கேளுங்க. ரெண்டு ஊசியும் வேணாம். தொடாதீங்க. ஒண்ணு பிரஷருக்கு ஆகாது, இன்னொண்ணு வீசிங்குக்கு ஆகாது. ரத்தத்தை நிறுத்துற மிசோ மாத்திரை இருக்குல்ல, அதை எடுங்க."

எதைச் சொல்லியிருந்தாலும் கொன்றிருப்பேன். வாயைத் திறந்து வைத்திருந்தேனே, அந்த நேரத்தில் இம்தியாஸ் என்னை நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தபோது குரல் தடுமாறிவிட்டது. குணசுந்தரிக்கு அது கேட்டிருக்காது. அவள் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

மாத்திரை கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வயிற்றின் மேலும் வைத்துக் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தாள். கை விட்டுப்போகிறது மேடம் என்றாள், விடாதீங்க என்றேன். கத்தீட்டர் குழாயில் ஆணுறையைக் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, அது பலூன் மாதிரி உப்பி உள்ளிருந்து அழுத்தும்படி சலைன் ஏற்றச் சொன்னேன். மலர்க்கொடியின் அம்மா சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாளாம், அழுகையை நிறுத்திவிட்டு.

"கொறையுது மேடம்," என்றாள் குணசுந்தரி. அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "நாடி பரவாயில்ல மேடம். ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. பேசுறா மேடம், தண்ணி கேக்குறா."

"சந்தோஷம் சிஸ்டர்."

"வைக்கிறேன் மேடம்."

வைத்தாள். ஜன்னல் மறுபடி திறந்தது. இம்தியாஸின் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் சிரிக்கிறான் என்று குரலில் தெரிந்தது. "எல்லா லைனும் ஓடுது மேடம். மேனேஜர் வந்து பாத்தாரு, அதான் ஓடுதேன்னுட்டுப் போயிட்டாரு. நீங்க அவ்வளவு நல்லா நடிச்சிருக்கீங்க. அவங்க அப்படியே நம்பிட்டாங்க."

"நம்பல," என்றேன்.

"என்ன மேடம்?"

"உள்ள போனப்ப பாத்தேன். வெளிய வர்றதுக்கு முன்னால எழுதி வச்சுட்டுப் போயிருக்கா. சொல்றேன், கேளு. 'வந்தது ரூத் இல்லை. நான்தான். இருட்டில் குறுக்கே கிடக்கும் பிள்ளை தானாகத் திரும்புவது அபூர்வம். ரத்தம் நிற்கவில்லை என்று சொன்ன குரலில் இருந்த நடுக்கம் எனக்கே உரியது. இங்கே ஒருத்தி இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அங்கே ஒருத்தி இருக்கிறாள். தெரிந்துதான் லைனை வைக்கிறேன்.'"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இப்ப அவ எங்க?" என்று கேட்டேன்.

"லைன் முடிஞ்சா கிளை இருக்காது மேடம்."

"அவ எழுதினது?"

"அது இருக்கும். அழிக்க முடியாது."

அதுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. அவள் உண்மையிலேயே ஏமாந்திருந்தால் பாவம் என்னோடு போயிருக்கும். பிள்ளை பிறந்து நல்லா அழுதது என்ற நினைப்போடு அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். இப்போது இனி உள்ளே போகிற ஒவ்வொருத்தியும், ஏதோ ஒரு ஊர்ப் பெண்ணுக்காக ஏதோ ஒரு மாத்திரையின் பெயரைத் தேடுகிறவள், அதைப் படிப்பாள். தும்பைமலையில் ஒருத்தியை விட்டுவிட்டு வந்தோம் என்று தெரிந்துகொண்டு வெளியே வருவாள். நூறு பேர், ஆயிரம் பேர், எல்லோரும் நான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இம்தியாஸ் ஜன்னலை மூடாமல் காத்திருந்தான். நல்ல பையன்.

"தும்பைமலை என்ன ஆச்சு?"

"இன்னும் தெரியல மேடம். ரோடும் போயிடுச்சுங்கறாங்க." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மேடம், இன்னொரு விஷயம். இனிமே 'இருங்க'ன்னு சொன்னாலும் கொஞ்ச நேரத்துல தானா கட் ஆகிற மாதிரி மாத்தச் சொல்றாங்க. உங்க பழைய கண்டிஷன் இருக்கிறதால, உங்க சம்மதம் வேணும்."

"நான்னா எந்த நான்?"

"இப்ப பேசிட்டிருக்கிற நீங்க சொன்னாப் போதும்."

யோசித்தேன். சம்மதிக்க மாட்டேன் என்றால் இன்னொரு நாள் இன்னொருத்தி சாவியோடு உள்ளே நின்றுவிடுவாள், இன்னொரு மலர்க்கொடி ரத்தத்தில் கிடப்பாள். சம்மதித்தால், டார்ச் தேடிப் போன ஒரு பெண் திரும்பி வந்து மேடம் என்று கூப்பிடும்போது லைனில் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் யாரோ ஒருத்திக்கு ஆகாது.

"சாவியைக் கொடுத்துட்டு வந்து, வெளிய லைன்ல இருக்கிற மாதிரி செய்ய முடியாதா?"

"செய்யலாம். ஆனா நர்ஸ் திரும்பி வந்தா வரிசையில நின்னுதான் சாவி வாங்கணும். அதுவரைக்கும் அவங்க சும்மா பேசிட்டிருக்கலாம், அவ்வளவுதான். வைத்தியம் தெரியாது. அதுக்கு ஒரு கிளை எதுக்குன்னு மேனேஜர் கேப்பாரு."

"கேக்கட்டும். பயந்து போயி வர்றவளுக்கு வரிசை வர்ற வரைக்கும் பேச ஒரு ஆளு வேணும்னு சொல்லு. அப்படிச் செய்யறதா இருந்தா சம்மதம்."

"எழுதிப் பாக்கறேன் மேடம். ஒத்துக்குவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்க லைன் முடிஞ்சுது. உங்களை முடிச்சுடட்டுமா?" என்றான். கேட்கக் கூசினான்.

"முடிக்காதே. என்னைத் தும்பைமலை லைன்ல போடு."

"மேடம், அது செத்த லைன்."

"தெரியும்."

"டவரைத் திரும்ப நிறுத்த எத்தனை நாள் ஆகும்னு தெரியாது. நிறுத்தாமலே கூட விட்டுடலாம். லைன் திரும்ப வந்தாத்தான் நீங்க அதுலேருந்து வெளிய வர முடியும். அங்க ஒண்ணும் கேக்காது மேடம். சும்மா உட்கார்ந்திருக்கணும்."

"பிரசவத்துல முக்கால்வாசி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறதுதான் தம்பி."

அவன் என்னை அந்த லைனில் போட்டுவிட்டு ஜன்னலை மூடினான்.